வயிற்று வியாதியும் ஒலிக் கருவியும்

தம்மம்பட்டியில் மரச் சிற்பம் செதுக்கும் ஒருவருக்கு மேல்வயிற்றில் வலி காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஓமத் தண்ணீர். பிறகு மருந்துக்கடை மாத்திரை. பிறகு ஆத்தூரில் ஒரு ஸ்கேன். “வாயு மறைக்கிறது, கணையம் சரியாகத் தெரியவில்லை” என்று அறிக்கை வருகிறது. அப்புறம் சேலம், அங்கும் முடியாவிட்டால் கோயமுத்தூர் அல்லது சென்னை. ஒவ்வொரு பிரயாணத்திலும் உளி சும்மா கிடக்கிறது. வியாதி சும்மா கிடப்பதில்லை.

வாயு மறைக்கிறது என்பது வைத்தியரின் சாக்கு அன்று. காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைச் சித்திரமாக்குவதே இந்தக் கருவியின் தத்துவம். வயிற்றுக் கட்டிகளை இவ்விதம் ஆராய்ந்து 1958-ல் கிளாஸ்கோ நகரத்து இயான் டொனால்டும் அவர் சகாக்களும் பிரசுரித்தனர். ஆனால் காற்றைக் கண்டால் இவ்வொலி திரும்பிவிடுகிறது. குடலிலோ காற்றுக்குப் பஞ்சமில்லை. மேலும், நுட்பமாகக் காட்டும் உயர்ந்த அதிர்வு ஆழம் செல்லாது. ஆழம் செல்லும் தாழ்ந்த அதிர்வு நுட்பமாகக் காட்டாது. ஆகவே கருவியையே உறுப்பின் அருகில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1980-ல் எண்டோஸ்கோப்புக் குழாயின் நுனியிலேயே ஒலிக் கருவியைப் பொருத்தி வாய்வழியே செலுத்தினார்கள். வக்கீல் தொழில் பழகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. சுவருக்கு வெளியே நின்று கேட்டவன் சாட்சியம் வேறு. அறைக்குள் இருந்தவன் சாட்சியம் வேறு.

இரைப்பைச் சுவரை இக்கருவி ஐந்து அடுக்காகப் பிரித்துக் காட்டுகிறது. புற்று எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது, பித்தக் குழாயில் சிறு கல் ஒளிந்திருக்கிறதா, கணையத்தில் கட்டி உண்டா என்பவை தெரிகின்றன. வயிற்றைக் கீறாமலே ஊசியால் கட்டியின் துணுக்கும் எடுக்கலாம். மூத்திரச் சம்பந்தமான வியாதிகளில் ஆசனவாய் வழியே செலுத்தும் கருவி புராஸ்டேட் சுரப்பியை அளக்கிறது. சந்தேகமான இடத்தில் துணுக்கெடுக்க வழிகாட்டுகிறது. நம் பெரியவர்கள் வெட்கத்தால் நீரடைப்பை மறைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். இந்த வெட்கத்தை எந்தக் கருவியாலும் போக்க முடியாது. வீட்டார்தான் போக்க வேண்டும். சிறுநீரகக் கல்லுக்குப் பெரும்பாலும் வெளி ஸ்கேனே போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி என்று வந்தவர்க்கெல்லாம் உட்குழாய் விடுவது வைத்தியமன்று, வியாபாரம்.

சேலம் ஜில்லாவில் ஒலிக் கருவிக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் பிறந்தது. கருவிலேயே பெண்ணென்று அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் மத்திய சட்டம் வந்தது. அதன்படி ஸ்கேன் நிலையங்கள் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத இடத்திற்குக் கருவியை விற்கலாகாது. எழுத்துப் பிழைக்கும் தண்டனையா என்று 2016-ல் நிபுணர்கள் நாடெங்கும் வேலை நிறுத்தம் செய்தனர். பதிவேட்டில் அசிரத்தையை மன்னிக்க முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே என்பது நம் அபிப்பிராயம். பெண் மக்களைக் காக்கும் வேலியைத் தளர்த்தித்தான் வயிற்று வலிக்காரருக்கு வழி திறக்க வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பதிவு செய்வதில் என்ன கஷ்டம்?

உண்மையான கஷ்டம் வேறு. கருவி விலையுயர்ந்தது, கையாளுபவர் நெடுநாள் பயின்றிருக்க வேண்டும், ஊசி போடுவதில் அபூர்வமாக ரத்தக் கசிவும் நேரும். ஆகையால் ஒவ்வொரு தாலுகாவிலும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஜில்லாத் தலைநகரில் இருந்தால் போதும். ஆனால் கருவி இருப்பது ஒன்று, அது நாள்தோறும் இயங்குவது ஒன்று, தம்மம்பட்டியானுக்கு அது தெரிந்திருப்பது இன்னொன்று. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆத்தூர் ஆஸ்பத்திரியிலும், எப்பேர்ப்பட்ட நோயாளியை எந்தக் கிழமை, எங்கே அனுப்பினால் இச்சோதனை நடக்கும், அவர் என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதி ஒட்டட்டும். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய வரியும் வேண்டாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.