உங்க எஸ்.ஐ.பி. பத்தின செய்தி மாவட்டப் பக்கத்தில் வருது, படிக்கிறீங்களா?

சம்பளம் வந்ததும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எஸ்.ஐ.பி. போகுதா? அப்போ பழவேற்காடு பக்கத்தில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு இருக்கு.

எப்படின்னு கேக்குறீங்களா? நிஃப்டி 50-ல் இருக்கிற ஒரு கம்பெனி அதானி போர்ட்ஸ். பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே இருக்கிற காட்டுப்பள்ளி துறைமுகத்தை 2018-ல் எல் அண்ட் டி-யிடமிருந்து வாங்கினது இந்தக் கம்பெனிதான். அதுக்கப்புறம் ஒரு பெரிய விரிவாக்கத் திட்டம் போட்டாங்க. 330 ஏக்கர் துறைமுகம் 6,100 ஏக்கருக்கு மேல் போகும். வருஷத்துக்கு சுமார் 2.5 கோடி டன் சரக்குங்கிறது 32 கோடி டன் ஆகும்.

பிசினஸ் ஆப்பில் இந்த நம்பரைப் பார்த்தா முதலீட்டாளருக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா மாவட்டப் பக்கத்தில் இதே திட்டம் வேற செய்தி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மெல்லிய மணல் திட்டு இருக்கு. கடல் அரிப்பில் அது போயிட்டா ஏரியே போயிடும், இறாலும் நண்டும் போயிடும்னு பழவேற்காடு மீனவ கிராமங்கள் போராடினாங்க. யார் எந்த நாள், எந்த இடத்தில் வலை போடணும்னு ஊரே முறை வெச்சுப் பிரிச்சுக்கிற ‘பாடு’ வழக்கம் உள்ள ஏரி அது. நம்ம ஃபண்டில் துறைமுகக் கம்பெனி ஐம்பதில் ஒண்ணு. அவங்களுக்கு ஏரி ஒண்ணே ஒண்ணுதான், டைவர்சிஃபை பண்ண வழியே இல்லை.

2021 ஜனவரி 22-ல் நடக்க வேண்டிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப் போச்சு. 2023 செப்டம்பர் 5-க்கு வெச்ச கூட்டமும் தள்ளிப் போச்சு. நடுவில் இரண்டரை வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. இவ்வளவு பெரிய திட்டத்தில் தாமதம்னா அது பணம்.

‘இதெல்லாம் லோக்கல் நியூஸ்’னு ஒதுக்குறவங்க தூத்துக்குடியை நினைச்சுப் பாருங்க. ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. மறுநாளும் தொடர்ந்த அதில் மொத்தம் 13 பேர் செத்தாங்க. ஆறே நாளில் ஆலையை மூட அரசு உத்தரவு போட்டுச்சு. வேதாந்தா பங்கு வெச்சிருந்தவங்களுக்கு அன்னிக்கு அது திடீர்ச் செய்தி. மாவட்டப் பக்கம் படிச்சவங்களுக்கு நூறு நாள் பழைய செய்தி.

இன்னொரு விஷயம். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும்னா, குறைஞ்சது 30 நாள் முன்னாடி ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் அறிவிப்பு வரணும். 2006-ம் வருஷ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்ற விதி இது. ஒரு மீனவர் தன் ஏரியைப் பத்திப் பேச எப்போ, எங்கே போகணும்னு தெரிஞ்சுக்க சட்டம் காட்டுற வழியில் நாளிதழும் ஒண்ணு. அந்த மூலை விளம்பரம் உங்க டிரேடிங் ஆப்பில் நோட்டிஃபிகேஷனா வராது.

சரி, பிசினஸ் செய்தி தர்றவங்க யாரு? என்.டி.டி.வி. 2022 டிசம்பர்லேருந்து அதானி குழுமத்தின் கையில் இருக்கு. மணிகன்ட்ரோலும் சி.என்.பி.சி.-டிவி18-ம் வந்த நெட்வொர்க்18 குழுமம் 2014-ல் ரிலையன்ஸ் கட்டுப்பாட்டுக்குப் போச்சு. அவங்க செய்தியை மறைக்கிறாங்கன்னு நான் சொல்லலை. அங்கேயும் நல்ல நிருபர்கள் இருக்காங்க. ஆனா எந்தக் கம்பெனியைப் பத்தின செய்தி, அதைச் சொல்ற சேனல் யாரோடதுன்னு சேர்த்துப் படிக்கிற பழக்கம் நமக்கு வேணும். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2013-ல் வாஷிங்டன் போஸ்ட்டை வாங்கினார். அந்தப் பத்திரிகை அமேசான் பத்தி எழுதும்போது ‘எங்க முதலாளி இவர்தான்’னு ஒரு வரி சேர்த்துப் போடுறது வழக்கம். இந்த நேர்மையை யூடியூப் சேனல்கள்கிட்டேயும் கேளுங்க, எங்களையும் சேர்த்துத்தான். டீமேட் அக்கவுண்ட் லிங்க் கொடுக்கிற சேனல் அந்த புரோக்கரைத் திட்டுமா?

என் கருத்து இதுதான்: செய்திக்குப் பணம் கொடுக்கிறதும் முதலீட்டுச் செலவுதான். ஃபண்டின் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை பாயிண்ட் பாயிண்டா கணக்குப் பார்க்கிற நாம, பழவேற்காட்டுக்கு நிருபரை அனுப்புற பேப்பருக்கு ஒரு பைசா கொடுக்கிறதில்லை. எல்லாரும் இப்படியே இருந்தா, அந்த நிருபரை யார் அனுப்புவாங்க?

இந்த மாசம் இரண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, மாவட்டச் செய்தி ஒழுங்கா போடுற ஒரு நாளிதழுக்குச் சந்தா கட்டுங்க. ஒரு ஓ.டி.டி.-யை நிறுத்தினாலும் பரவாயில்லை. இரண்டு, நேரடியா ஒரு பங்கு வாங்குறதுக்கு முன்னாடி, அந்தக் கம்பெனியின் ஆலையோ துறைமுகமோ இருக்கிற ஊர்ப் பேரைத் தமிழில் டைப் பண்ணி, பக்கத்தில் ‘கருத்துக் கேட்பு’, ‘போராட்டம்’னு சேர்த்துத் தேடுங்க.

டார்கெட் பிரைஸ் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு சொல்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான். உங்க காசு அவங்களுக்குப் போகட்டும்.