காரணத்தைச் சொல்லாத டி.என்.எஸ்.

தளம் திறக்கவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? மோடத்தை அணைத்துப் போடுவீர்கள். குப்பனூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய வாரத்தில், ஒரே மாலையில் ஆறு முறை போட்டார். பிறகு "தம்பி, நெட் போச்சு" என்று கூப்பிட்டார். நெட் போகவில்லை; ஒரே ஒரு தளம்தான் திறக்கவில்லை. நானும் பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவிப் பார்த்தேன் (சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர்!). ஒரு மணி நேரம் கழித்து, 1.1.1.1 என்ற பொது ரிசால்வரை நேரடியாகக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தளத்தின் டி.என்.எஸ். டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகியிருந்தது.

தளத்தின் பெயரை டைப் செய்ததும் அதற்குரிய ஐ.பி. எண்ணைத் தேடித் தரும் சர்வர்தான் ரிசால்வர். உங்கள் மோடம் அதைக் கேட்கும். அது மேலே உள்ள சர்வர்களைக் கேட்கும். சிக்கல் வந்தால் 1987-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1035 விதிப்படி 'சர்வ்ஃபெயில்', அதாவது எண் 2, என்று பதில் வரும். மேல் சர்வர் படுத்துவிட்டாலும் 2, கையொப்பம் காலாவதியானாலும் 2. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் 'உடம்பு சரியில்லை' என்று ஒரே சீட்டு எழுதுவது போல!

2021 அக்டோபர் 4 அன்று இரவு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. அவற்றின் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியே இன்டர்நெட்டில் மறைந்துவிட்டது. ரிசால்வர்கள் சொன்னது அதே சர்வ்ஃபெயில்தான்.

இதற்கு மருந்து 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆர்.எஃப்.சி. 8914 காரணத்துக்குத் தனி எண் தருகிறது. 7 என்றால் கையொப்பம் காலாவதி. 22 என்றால் மேல் சர்வர் எதையும் எட்ட முடியவில்லை. 15 என்றால் ரிசால்வரை நடத்துபவரே தடுத்தது. 16 என்றால் வெளி உத்தரவால் தடுத்தது. 2012 மே மாதம் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிரான சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை வைத்து, விமியோ போன்ற தளங்களையே முழுதாகத் தடுத்தார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்தியது. இத்தகைய தடையில் 15-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசம் சந்தாதாரருக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் இடையில் உள்ள ரிசால்வர் இந்த எண்ணைக் கீழே அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. விரும்பினால் அனுப்பலாம், அவ்வளவுதான். அனுப்ப வேண்டும் என்பதே என் கட்சி. அதோடு, யார் சொன்னது என்பதும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்னது உங்கள் மோடமே சொன்னது போலத் தோன்றும். எண்ணோடு வரும் வாசகத்தை மட்டும் பிரவுசர் அப்படியே காட்டக் கூடாது. அதில் "இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்" என்று எவனாவது எழுதி ஏமாற்றலாம். எண்ணைப் பார்த்து, பிரவுசரே தன் வார்த்தையில், தமிழில் சொல்லட்டும்.

அதுவரை மோடத்தில் கை வைக்கும் முன் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் மோடத்தை விட்டுவிடுங்கள். அண்ணன் இப்போது அப்படித்தான் செய்கிறார். செய்துவிட்டு எனக்கு போன் போடுகிறார்.