முந்நூறு மில்லிமீற்றர் மோகம்

விடுமுறைக்குக் கொழும்பு வர ஆயத்தமாகும் புலம்பெயர் அன்பர்கள் பலரின் கொள்வனவுப் பட்டியலில் ஒரு நீண்ட சூம் லென்ஸும் இடம்பெறுகிறது. 18 முதல் 300 மில்லிமீற்றர் வரை. இந்த ஒன்றை வாங்கினால் எல்லாம் ஆயிற்று என்று கடைக்காரர் சொல்வார், முன்னரே வாங்கிவிட்ட மைத்துனரும் சொல்வார். கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இதைவிட மோசமான ஆலோசனை இருக்க முடியாது என்பது என் கட்சி.

கமெராவோடு சேர்ந்தே 18–55 லென்ஸ் ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பகல் வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தின் முகப்பையும் குவிமாடத்தையும் ஒன்றாக அடக்க அதன் 18 போதும். ஆடிவேல் தேர் செட்டியார் தெரு நெரிசலில் அசையும்போதும் அதுவே போதும். ஆகவே மேலதிகமாகச் செலவிடும் பணம், கையிலுள்ள லென்ஸால் இயலாத ஒன்றை வாங்கித் தரவேண்டும். அதற்கு இயலாதது தூரமன்று, இருட்டு.

இலண்டனின் கோடைகாலத்துக்குப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சற்று முன்பிருந்து ஆறரைக்குள்ளேயே பொழுது சாய்கிறது, அந்தி நீடிப்பதில்லை. வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தருகே மனிதர்கள் காற்று வாங்க வந்து சேரும் வேளையில் வெளிச்சம் விடைபெற்றிருக்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலய மண்டபத்திலோ நண்பகலிலும் அரையிருள்தான். (அங்கு அனுமதி கேட்காமல் கமெராவை உயர்த்தக் கூடாது என்பது வேறு விடயம்.)

35 மி.மீ. அளவில் வைத்தால் சாதாரண சூம் லென்ஸின் துவாரம் ஏறத்தாழ எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் நிலையான 35 மி.மீ. லென்ஸ் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பதினைந்தில் ஒரு பங்கு நொடியில் கலங்கிப்போகும் முகம், தொண்ணூறில் ஒரு பங்கில் தெளிவாக நிற்கும். விலையோ அந்த நீண்ட சூமைவிடப் பெரிதும் குறைவு.

‘சூம் இல்லாமல் எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரம். நிழற்படக் கமெராவுக்கென முதல் சூம் லென்ஸ் சந்தைக்கு வந்தது 1959இல். கொழும்பின் லயனல் வென்ட் 1944இலேயே மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற இலங்கையை இன்றைய எந்த முந்நூறு மில்லிமீற்றரும் மிஞ்சிவிடவில்லை.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் காசு மட்டுமன்று. 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் மெழுகுவர்த்தியின் முன் கண்ணீரோடு நிற்கும் ஒரு தாயை, வீதியின் மறுகரையில் மறைந்து நின்று இழுத்து எடுப்பது யால காட்டில் சிறுத்தையை எடுக்கும் முறை. 35 மி.மீ. அதற்கு இடம் தராது. அருகே போகவேண்டும், ‘அம்மா, ஒரு படம் எடுக்கலாமோ?’ என்று கேட்கவேண்டும்; மாட்டேன் என்றால் திரும்பவேண்டும். போர்க்காலத்தில் கமெராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர் இது. நம் சனத்தை நாமே ஒளிந்திருந்து பிடிக்க வேண்டுமா? யாலவுக்கே போகிறவர் நீள லென்ஸை இரவல் வாங்கட்டும்.

சிறிய சென்சர் கொண்ட கமெராவில் 35, ஏறத்தாழ 50 போலப் பார்க்கும். மலிவென்று 50 ஐ வாங்கினால் அது 75, 80 ஆகிவிடும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பின்வாங்கிப் பின்வாங்கி முதுகு மதிலில் முட்டும். கெனன்காரருக்கு மெல்லிய 24 மி.மீ. எஃப் 2.8 உண்டு, வெளிச்சம் குறைவு, ஆயினும் மலிவு. நிக்கொனின் டி3000, டி5000 வரிசைக் கமெராக்களில் மோட்டார் இல்லை. ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ என்ற எழுத்தைப் பார்த்து வாங்காவிட்டால் கையால்தான் குவியப்படுத்த நேரும்.

2022இல் ரூபா சரிந்தபின் உள்ளூர் இளைஞர்களுக்குப் பழைய லென்ஸே கதி. அதில் தவறில்லை. கடல் காற்றும் ஈரப்பதனும் உள்ள ஊரில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படரும். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.