பூ விற்பதா? பூச்செடி விற்பதா?

மல்லிகை விலை ஏறினால் அது பத்திரிகைச் செய்தி ஆகிவிடுகிறது. தை பிறந்தால் பொங்கல் வரும், கல்யாணம் வரும். ஆனால் பனியினால் மொட்டு இருக்காது. அப்போது மதுரைச் சந்தையில் ஒரு கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய நாட்கள் உண்டு. சித்திரையில் பூ கொட்டோ கொட்டு என்று கொட்டும். விலை விழுந்துவிடும். பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது.

காரணம் என்ன? பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும். செடி அப்படி இல்லை. இன்று விற்காவிட்டால், அடுத்த வாரம் இன்னும் இரண்டு இலை விட்டு நிற்கும்.

2020-ல் ஊரடங்கின்போது பலர் மாடியிலும் வாசலிலும் செடி வைத்துப் பழகினார்கள். அந்தப் பழக்கம் பல வீடுகளில் நின்றுவிட்டது. சில வீடுகளில் வளர்ந்திருக்கிறது. வளர்ந்த வீடுகளில் இப்போது ஒரு கேள்வி: "இதையே தொழிலாகச் செய்தால் என்ன?"

செய்யலாம். ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்ப்பதே பலருக்குப் பிழைப்பு. அந்த மணலில் வேர் நன்றாகப் பிடிக்கிறது. அங்கிருந்து வெளி மாவட்டங்களுக்கு நாற்று போகிறது.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 மல்லிகைக் குச்சி நட்டதாக வைத்துக்கொள்வோம். 60 வேர் பிடிக்கும். அதில் 10 வாடிப்போகும். மிச்சம் 50. ஒன்று 30 ரூபாய் என்று விற்றால் 1,500 ரூபாய். பை, செம்மண், மணல், எரு எல்லாம் 500 ரூபாய். கையில் நிற்பது 1,000 ரூபாய். இதற்கு 4, 5 மாதம் காத்திருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

போட்டியும் இருக்கிறது. ஆந்திராவில் கடியம் என்ற ஊரைச் சுற்றிலும் செடிப் பண்ணைகள்தான். அங்கிருந்து லாரி லாரியாகச் செடி வருகிறது. விலையில் அவர்களை வீட்டுக்காரர் ஜெயிக்க முடியாது. பிறகு எதில் ஜெயிப்பது? நம்பிக்கையில்!

பூக்காத மல்லிகைச் செடியைப் பார்த்து, அது என்ன ஜாதி என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பூத்த பிறகுதான் தெரியும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ரோஜா ஒட்டுச்செடியில் இன்னொரு வம்பு. ஒட்டுக்குக் கீழே முளைப்பது காட்டு ரோஜா. அதைக் கிள்ளாமல் விட்டால், நல்ல ரோஜாவை அது அமுக்கிவிடும். "செடி மாறிவிட்டது" என்று வாங்கியவர் சண்டைக்கு வருவார். இதை விற்கும்போதே சொல்லிவிடுகிறவரிடம்தான் அடுத்த தெருக்காரரும் வருவார். தாய்ச்செடி வாசலிலேயே பூத்து நின்றால் இன்னும் நல்லது. வாங்குகிறவர் தாமே முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். லாரியில் வரும் செடிக்கு இந்த வசதி ஏது?

முல்லை, ஜாதிமல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றைக் குச்சியிலிருந்தோ பதியம் போட்டோ வளர்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் ரோஜா ஒட்டுக்கட்டப் போகாமல், இவற்றில் கை பழகுவது நல்லது.

மல்லிகையை ஆனி முதல் கார்த்திகை வரை நடுவார்கள். ஆடியில் நாற்று விற்க வேண்டுமானால் மாசியில் குச்சி நட வேண்டும். அப்படியானால் பிஞ்சுச் செடி பங்குனி, சித்திரை வெயிலைத் தாண்டியாக வேண்டும். நிழல் வலை கட்டினாலும் தண்ணீர் தேவை. ஒரு பைக்கு வேளைக்கு ஒரு டம்ளர் என்றால், 100 பைக்கு 20 லிட்டர். இரண்டு வேளைக்கு 40 லிட்டர். அதாவது ஏறக்குறைய 3 குடம். 500 பை வைத்தால் 15 குடம்.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருக்கள் எத்தனையோ. அங்கே அந்தக் குடங்களைச் சுமக்கப்போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். குச்சி வெட்டுவதற்கு முன்னால், இதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.