ஓடத் தெரிந்தால் போதுமா?



திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை காட்டூர் வழியாகப் போகிறது. பள்ளி விடும் நேரத்தில் அங்கே சற்று நின்று பாருங்கள். சைக்கிளில் வரும் மாணவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்போர், கையைத் தூக்கிக் காட்டியபடி சாலையைக் கடக்கத் தயங்கும் பாட்டிமார்! பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் சாலை வேண்டும் என்று இப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இதனால்தான்.

இப்படிப்பட்ட சாலையில் பழைய அம்பாஸடர் கார் ஒன்று புதுக்கோலம் பூண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பளபளக்கும் வண்ணம், அகலமான டயர்கள், பழைய எஞ்சினுக்குப் பதிலாக வலிமை கூடிய வேறோர் எஞ்சின். நண்பர்கள் சூழ்ந்துகொண்டு, "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பார்கள். "எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்பவர் யார்?

பழைய வண்டியைத் தூக்கி எறியாமல் செப்பனிட்டு ஓட்டுவது நல்ல காரியமே. ஆனால் அதன் வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர் முதலில் தொட வேண்டியது பிரேக்கை, எஞ்சினை அல்ல. இதுவே என் கருத்து. இதற்கு ஆதாரம் உங்கள் பௌதிகப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்று படித்திருப்பீர்கள். ஆட்களுடன் சேர்த்துக் காரின் நிறை 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் ஜூல். 90 கி.மீ. வேகத்தில் சுமார் 4 லட்சத்து 69 ஆயிரம் ஜூல். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது! காரை நிறுத்தும்போது இந்த ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. முதல் நிலையில், 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் ஏறக்குறைய முக்கால் லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். இரண்டாம் நிலையில் ஒன்றரை லிட்டருக்கும் மேல்.

இனி தூரத்தைக் கணக்கிடுவோம். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்றும், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்றும் கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 37 மீட்டரில் நிற்கும். 90 கி.மீ. வேகத்தில் வருவதற்குச் சுமார் 71 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது காரின் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 77 கி.மீ.! அந்த இடத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தால்?

நல்ல பிரேக் இருந்தால் கிடைக்கும் கணக்கு இது. அம்பாஸடர் 1958 முதல் 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் தயாரானது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றியது. பழைய அம்பாஸடர்களில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும், உராய்வும் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிடிப்பு தளர்ந்துபோவது இதனால்தான்.

டிஸ்க் பிரேக்கில் வட்டத் தகடு காற்றில் திறந்தபடி சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் வென்றபோது டிஸ்க் பிரேக்கின் பெருமையை உலகம் அறிந்தது.

அப்படியானால் டிஸ்க்கை வாங்கி மாட்டிவிட்டால் போதுமா? போதாது. பிரேக் என்பது ஒரு பாகம் அல்ல, ஒரு குடும்பம். பாஸ்கல் விதியை நினைவுகூருங்கள். சிறிய பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டனில் விசை பெருகும். ஆனால் அது நகரும் தூரம் குறையும். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு மிகப் பெரிய பிஸ்டன் உள்ள டிஸ்க் காலிப்பரை இணைத்தால் பெடல் தரைவரை இறங்கிவிடக்கூடும். டிஸ்க்குக்கு மிதிவிசையும் அதிகம் தேவை. ஆகவே அதற்குத் துணைசெய்யும் பூஸ்டரும் வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் கார் திரும்பிச் சுழன்றுவிடும். எனவே முன்னும் பின்னும் பிடிப்பு சரியாகப் பங்கிடப்பட வேண்டும். அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டுவோரும் கவனிக்க: ஆரம் 10 சதவீதம் கூடினால், அதே பிரேக் சாலையில் தரும் தடைவிசை சுமார் 9 சதவீதம் குறைகிறது.

செலவு குறைந்த சீர்திருத்தங்களும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரையேனும் கொதிக்காது. ஈரமேறிய பின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக்குமிழ் தோன்றும். ஆவி அமுங்கும், பெடல் சும்மா இறங்கும். ஆகவே ஆயிலைக் காலத்தில் மாற்றுவது, வெடித்த ரப்பர் ஹோஸை நீக்குவது, தேய்ந்த டயரை மாற்றுவது ஆகியவை முதல் வேலை. ஒரே சுற்றில் நான்கு பிரேக்குகளும் இயங்கும் பழைய கார்களில் ஓரிடத்தில் கசிந்தாலும் எல்லாம் போயிற்று. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் அந்த ஆபத்தைத் தவிர்க்கும்.

"இதெல்லாம் வண்டிக்காரர் பாடு" என்பார் சிலர். நான் ஒப்பமாட்டேன். வேகத்தின் இன்பம் உள்ளே இருப்பவருக்கு. பிரேக்கின் பயன் வெளியே நடப்பவருக்கும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எஞ்சினை மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி தருமுன், அந்தப் புதிய வேகத்தில் பிரேக்கையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

காட்டூரை அடுத்த திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. உங்கள் தெருவில் அங்கு வேலை பார்த்த பெரியவர் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பு வால்வு இல்லாத கொதிகலனுக்கு அவர் நெருப்பு மூட்டுவாரா?

ஒரு சோதனை செய்யுங்கள். சாலையில் வேண்டாம், ஆளில்லாத மைதானத்தில். சைக்கிளை மெதுவாக ஓட்டி வந்து ஒரு கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை அளந்து கொள்ளுங்கள். பிறகு சற்று வேகமாக வந்து அதே கோட்டில் பிடியுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். நாளை புதுக்கோலம் பூண்ட கார் ஒன்றைக் கண்டால், அதன் சொந்தக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அந்த எண்களே உங்களுக்குச் சொல்லும்.