பட்டனை அமுக்கினால் பாட்டு வரும், வாசிப்பு வருமா?



காலை வழிபாட்டில் நம்ம பள்ளி கீபோர்டு ஒரு மாசமா தமிழ்த்தாய் வாழ்த்தைத் தானாகவே வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து அதை ஏற்றினது நான்தான். பாராட்டினவங்களுக்கு நன்றி. ஆனால் அதை நிறுத்தணும்னு இப்போ நானே எழுதுறேன்.

முதல்ல ஏற்றின கதை. கீபோர்டின் பின்னால் இரண்டு யு.எஸ்.பி. வாய் இருக்கு. சதுரமானது கம்ப்யூட்டருக்கு, தட்டையானது பென்டிரைவுக்கு. நான் சதுரத்தில் ஒயரைச் சொருகிவிட்டு, கம்ப்யூட்டரில் கீபோர்டு ஒரு டிரைவாகத் தெரியும்னு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெரியவே இல்லை. (லேப் ஸார் சிரிச்சது தனிக்கதை.) நம்ம கீபோர்டில் அந்த வழியாகப் போய்வருவது வாசிப்புச் செய்திகள் மட்டும்தான், ஃபைல் போகாது. பிறகு பென்டிரைவை எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் செய்து தட்டை வாயில் போட்டேன். அதில் இருந்த எம்.பி.3 பாட்டுகள் கீபோர்டின் கண்ணிலேயே படவில்லை. மிடி ஃபைல் மட்டும் தெரிஞ்சது.

காரணம் சுவாரசியமானது. மிடி என்பது, வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் வந்த ஏற்பாடு. மிடி ஃபைலுக்குள் சத்தமே கிடையாது! எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எப்போது விடணும் என்ற கணக்குதான் இருக்கு. நடு 'சி' கட்டைக்கு 60 என்று எண். சத்தத்தைக் கீபோர்டு தானே போட்டுக்கொள்ளும். நாலு நிமிஷ சினிமாப் பாட்டு எம்.பி.3-ல் சுமார் 4 எம்.பி. பிடிக்கும். அதுவே மிடியாக இருந்தால் பெரும்பாலும் 100 கே.பி.கூட வராது. புள்ளிக் கணக்கு எழுதின கோல நோட்டு மாதிரி. கோலத்தை வாசலில் யாராவது போடணும் இல்லையா?

பழகுறதுக்கு இதைவிட நல்ல நோட்டு கிடையாது. ஸ்ருதி இறங்காமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கலாம். வலதுகை வாசிப்பை அணைத்துவிட்டு, அந்த இடத்தை நம்ம விரலால் நிரப்பிப் பார்க்கலாம். இதுக்குத்தான் நான் ஏற்றினேன்.

நடந்தது வேற. எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தினமும் வாசிச்சுக்கிட்டு இருந்தாள். மூணாவது வரியில் தடுமாறுவாள், நாம சிரிப்போம். (நானும்தான்.) ஃபைல் வந்ததும் அவளை வரிசையில் நிற்கச் சொல்லிட்டாங்க. பட்டனை அமுக்க யாரா இருந்தா என்ன? இப்போ அவள் மியூசிக் ரூம் பக்கமே வர்றதில்லை. அதுக்கு நான் காரணமாயிட்டேன்.

"வெளியாள் வர்ற நாள்ல தப்பா வாசிச்சா பள்ளிக்குத்தானே கேவலம்?" என்று கேட்கிறார்கள். அப்படீன்னா அன்னைக்குக் கீபோர்டே வேண்டாம், வாயால் பாடுவோம். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவிச்சப்போ, பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்களைப் பாட வைக்கணும்னுதான் தமிழக அரசு சொன்னது. மொத்தமே 55 நொடிப் பாட்டு!

இன்னொண்ணும் கவனிச்சேன். நாம எல்லாரும் இழுத்துப் பாடும்போது ஃபைல் நிற்காது, அது பாட்டுக்கு முடிச்சிட்டுப் போயிடும். நேத்து கடைசி வரியை நாம துணையில்லாமல்தான் பாடினோம். அந்தத் தங்கை வாசிச்சப்போ நிமிர்ந்து நம்ம வாயைப் பார்த்து, நமக்காக நின்னு வாசிப்பாள்.

மியூசிக் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவளையே வாசிக்க விடலாம்னு சொல்லியிருக்காங்க. அவளிடம் பேசுற வேலை என்னுடையது. ஃபைல் கீபோர்டிலேயே இருக்கும், மதிய இடைவேளையில் யார் வேணும்னாலும் பழகலாம். பென்டிரைவ் கொண்டுவர்றவங்க வைரஸ் இருக்கான்னு பார்த்துட்டுக் கொண்டு வாங்க. லேப் கம்ப்யூட்டருக்குப் போன தடவை வந்தது என்னோடதிலிருந்துதான்.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு