முதலில் முதுகு, பிறகு கொம்பியூட்டர் வகுப்பு

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கொத்துரொட்டியும் கையுமாக நின்ற அண்ணர் ஒருவர் (நல்ல மனுசன், வீடு விற்றுக் குடுக்கிற தொழில்) அங்கே வராத ஒரு ஆளைப் பற்றிச் சொன்னார்: "அவனுக்கென்ன, முதுகு நோகுதெண்டு கொம்பன்சேசனிலை இருக்கிறான். காசையும் குடுத்துப் படிக்கவும் விடுறாங்கள். எங்களுக்கு ஆர் உப்பிடிக் குடுக்கிறான்?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஒருகாலத்தில் ஏஜென்சிக்காரன் வானில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிற பக்டரியில் பெட்டி தூக்கினவன்தான். ஒருநாள் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. குடும்ப டொக்டர் ஸ்கானுக்கு எழுதினார். திகதி வர நாலு மாதம். அந்த நாலு மாதமும் உள்ளே என்ன கிழிந்திருக்கிறது, கிழிந்திருக்கிறதா இல்லையா என்று எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "இனி உனக்கு எந்தத் தொழில் பொருந்தும், சொல்லு" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எந்தக் கையை வைத்துக்கொண்டு சொல்வது? என்னுடையது சாதாரண தசைப்பிடிப்பு, தப்பிவிட்டேன். எல்லாரும் தப்புவதில்லை.

ஒன்ராறியோவில் இந்தக் கேள்வியைச் சிகிச்சை முடியும் முன்னமே கேட்கலாம். பழைய வேலைக்குத் திரும்பமாட்டார் என்று தெரிந்தால் வேறு தொழிலுக்கான திட்டம் போடத் தொடங்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பெயர் குடுத்துவிட்டு வரிசையில் நிற்கிற ஆளுக்கு ஒரு பக்கத்தில் ஆங்கில வகுப்பு, மறுபக்கத்தில் கொம்பியூட்டர் வகுப்பு. இருக்க முடியாத முதுகோடு இருக்கிறவனை நாள்முழுக்கக் கதிரையில் இருத்திப் படி என்றால், அதற்குப் பெயர் புனர்வாழ்வா?

"படிப்புத்தானே, நட்டமென்ன?" என்று கேட்பீர்கள். நட்டம் படிப்பில் இல்லை, அதற்குப் பிறகு வருகிற கணக்கில் இருக்கிறது.

1997இல் நிறைவேறி 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வருமான இழப்பைக் கணக்கிடும்போது நீங்கள் இப்போது உழைப்பதை மட்டும் பார்ப்பதில்லை. பொருத்தமான ஒரு வேலையில் நீங்கள் உழைக்கக்கூடியது எவ்வளவு என்றும் பார்க்கலாம். இதைத்தான் இங்கே காயப்பட்ட தொழிலாளர்கள் 'டீமிங்' என்று சொல்லி வருசக்கணக்காகத் திட்டுகிறார்கள். இப்படி வைத்துக்கொள்ளுங்கோ: ஒருவர் முந்தி மணிக்கு 25 டொலர் எடுத்தவர். வகுப்பு முடிந்ததும் "இவர் இனி 18 டொலர் வேலை செய்யக்கூடியவர்" என்று முடிவாகிறது. அந்த வேலை அவருக்குக் கிடைத்ததா? இல்லை. கிடைக்குமா? தெரியாது. ஆனாலும் அந்த 18 டொலர் அவர் கையில் இருக்கிறமாதிரி நினைத்துக் கழித்துவிட்டு, மிச்சம் 7 டொலருக்குத்தான் கணக்குப் பார்க்கப்படும். இல்லாத வேலைக்கு இல்லாத சம்பளம். வீட்டுக்காரனுக்கு அப்படி ஒரு வாடகையைக் குடுத்துப் பாருங்கோ!

இது எங்களுக்குப் போடுகிற பிச்சையும் இல்லை. 1913இல் நீதிபதி வில்லியம் மெரடித் ஒரு அறிக்கை குடுத்தார். அதன்படி வந்த 1914ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடுகிற உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலுக்கு, பிழை ஆருடையது என்று கேட்காமல், பாதிப்பு இருக்கும்வரை நட்டஈடு. எங்கள் பக்கத்தை நாங்கள் நூறு வருசத்துக்கு மேலாகக் காப்பாற்றுகிறோம், இன்றைக்கும் வழக்குப் போட முடியாது. மற்றப் பக்கம்? 1998இல் நிகர வருமானத்தின் 90 வீதம் என்றிருந்ததை 85 வீதமாகக் குறைத்தார்கள். 2022இல் காப்புறுதி நிதியில் மிஞ்சியது என்று 1.5 பில்லியன் டொலர் வரை முதலாளிமாருக்குத் திருப்பிக் குடுத்தார்கள். மிஞ்சின காசு எங்கேயிருந்து மிஞ்சியது?

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேணும். கனகாலம் வீட்டில் இருந்தால் மனம் உடையும், திரும்ப வேலைக்குப் போவது கஷ்டமாகும். உண்மை. நேரத்தோடு திரும்பினால் நல்லதுதான். ஆனால் திரும்புவதற்கு ஒரு இடம் வேண்டாமா? காயப்பட்டவரைத் திரும்ப எடுக்கவேண்டும் என்ற கடமை, 20 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களுக்குத்தான். அதிலும் காயப்படும்போது ஒரு வருசமாவது தொடர்ந்து வேலைசெய்திருக்க வேண்டும். ஏஜென்சியில் மூன்று மாதத்துக்கு ஒரு பக்டரி மாறுகிற எங்கள் சனத்துக்கு இதில் என்ன கிடைக்கும்?

நான் கேட்பது பெரிய விசயம் ஒன்றுமில்லை. முதலில் ஸ்கான், ஸ்பெஷலிஸ்ட், தேவையென்றால் சத்திரசிகிச்சை. உடம்பு இனி எவ்வளவு தாங்கும் என்று டொக்டர் சொன்ன பிறகு தொழிற்பயிற்சி. கையில் கிடைத்த சம்பளத்தை மட்டும் கழி, கற்பனைச் சம்பளத்தைக் கழிக்காதே. இவ்வளவுதான்.

1983 யூன் முதலாம் திகதி காயப்பட்ட தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குயின்ஸ் பார்க் சட்டசபைக்குப் போனார்கள். இன்றைக்கும் அந்த நாள் அவர்களுடைய நாள். ஊன்றுகோலோடு போனவர்களை ஆரும் சோம்பேறி என்று சொல்லமுடியாது.

கடைசியாக, ஆங்கிலம் நல்லாத் தெரிந்த வலைப்பதிவு நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் சித்தப்பாவோ கீழ்வீட்டு அண்ணையோ பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதம் இருந்தால் வாங்கி வாசித்துச் சொல்லுங்கோ. வேலைக்குத் திரும்புதல், தொழில் மாற்றம் பற்றிய முடிவுகளை எதிர்க்க 30 நாள்தான். மற்ற முடிவுகளுக்கு ஆறு மாதம். தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்கு 'ஒபிஸ் ஒஃப் த வேர்க்கர் அட்வைசர்' என்ற அரச அலுவலகம் காசு வாங்காமல் உதவும். அந்த 30 நாளும் பிரிக்காத உறைக்குள்ளேயே கரைந்து போவதுதான் வழக்கம்.

அந்த அண்ணரை அடுத்த கொண்டாட்டத்தில் காண்பேன். இந்தமுறை சிரிக்கமாட்டேன்.